சுதர்சன்: நோபல் கதைக்கு முன்னால் இயற்பியலைப் பார்ப்போம்

கேள்வி இதுதான்: "இயற்பியலாளர் ஈ.சி.ஜி. சுதர்சனுக்கு நோபல் பரிசு பல முறை மறுக்கப்பட்டது, அவருடைய கண்டுபிடிப்புக்கு அமெரிக்க இயற்பியலாளர்கள் ஃபைன்மேனும் கெல்-மானும் பெயர் வாங்கிக்கொண்டார்கள் என்கிறார்கள். இது எவ்வளவு உண்மை? அவர் உண்மையில் என்ன செய்தார்?"

முதலில் ஒரு திருத்தம். சுதர்சனின் 1957ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்காக வேறு யாருக்கும் நோபல் கொடுக்கப்படவில்லை. ஃபைன்மேனுக்கு 1965இல் கிடைத்தது குவாண்டம் மின்னியக்கவியலுக்காக. கெல்-மானுக்கு 1969இல் கிடைத்தது அடிப்படைத் துகள்களை வகைப்படுத்தியதற்காக. "சுதர்சனின் நோபலை ஃபைன்மேன் தட்டிப் பறித்தார்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அந்த அளவில் தவறு. ஆனால் அநீதியே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. நடந்தது வேறு மாதிரி. அதைப் புரிந்துகொள்ள அவர் செய்த இயற்பியலுக்குள் கொஞ்சம் போகத்தான் வேண்டும். "பாவம், நோபல் கிடைக்காதவர்" என்ற ஒற்றை வரியோடு இவ்வளவு பெரிய மனிதரை நாம் முடித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

1931 செப்டம்பர் 16 அன்று கோட்டயத்தை ஒட்டிய பள்ளம் என்ற ஊரில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜார்ஜ் என்பதுதான் பிறந்தபோது வைத்த பெயர். சுதர்சன் பின்னால் அவரே சேர்த்துக்கொண்டது. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட். அப்புறம் தாம்பரம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1951இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தார். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக எம்.ஏ. பட்டம். 1952இல் பம்பாயில் ஹோமி பாபா நடத்திவந்த டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

பம்பாய் நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் டிராக் அங்கே வந்து குவாண்டம் இயக்கவியல் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு முறையான குறிப்பு எடுத்து, நூல் வடிவில் வெளிவர உதவியவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கே.கே. குப்தா, இன்னொருவர் சுதர்சன். டிராக் ஒரு சொல்லைக்கூட வீணாக்காமல் பேசுகிறவர். அவர் சொல்வதைக் கேட்டு, புரிந்துகொண்டு, எழுத்தில் கொண்டுவருவது என்பது இருபத்து மூன்று வயதுப் பையனுக்குப் பல ஆண்டுப் படிப்புக்குச் சமம். சுதர்சனின் பிற்காலக் கட்டுரைகளில் கணிதம் அவ்வளவு சிக்கனமாகவும் சுத்தமாகவும் இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1955இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ராபர்ட் மார்ஷாக் அவருடைய வழிகாட்டி. உலகத்தின் முன்னணி துகள் இயற்பியலாளர்களை ஆண்டுதோறும் ஒரே அறையில் உட்காரவைத்த "ராச்செஸ்டர் மாநாடு" மார்ஷாக் தொடங்கியதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

அணுக்கருவில் இருக்கும் நியூட்ரான் சில சமயம் புரோட்டானாக மாறுகிறது. மாறும்போது ஒரு எலக்ட்ரானையும் ஒரு எதிர்நியூட்ரினோவையும் (நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத, மிக இலேசான துகளின் எதிர்த்துகள்) வெளியே தள்ளுகிறது. பீட்டா சிதைவு என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். இதைச் செய்யும் விசைக்கு வலிமை குறைந்த அணுக்கரு விசை என்று பெயர். இங்கே சுருக்கமாக மென்விசை என்று சொல்கிறேன். என்ரிகோ ஃபெர்மி 1934இல் இதற்கு ஒரு கோட்பாடு கொடுத்தார். நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்தித்துப் பரிமாறிக்கொள்கின்றன என்பது அதன் அடிப்படை. அந்தச் சந்திப்பு எந்தக் கணித வடிவத்தில் நடக்கிறது என்பதுதான் பிரச்சினை. சார்பியல் கோட்பாடு ஐந்து வடிவங்களை அனுமதிக்கிறது: ஸ்கேலார், வெக்டார், டென்சர், அச்சு வெக்டார், போலி ஸ்கேலார். இயற்கை இதில் எதை எடுத்துக்கொண்டது என்று சோதனைதான் சொல்ல வேண்டும்.

இருபது ஆண்டு சோதனை செய்தும் விடை வரவில்லை. 1957 தொடக்கத்தில் நிலைமை படுமோசம். அதற்கு முந்தைய ஆண்டில் இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் மென்விசை இடத்தையும் வலத்தையும் சமமாக நடத்துகிறதா என்ற கேள்வியை எழுப்பியிருந்தார்கள். சீன-அமெரிக்க இயற்பியலாளர் வூ கோபால்ட்-60 அணுக்கருவை வைத்துச் சோதித்து, நடத்தவில்லை என்று காட்டிவிட்டார். அதாவது மென்விசைக்கு இடது, வலது பேதம் உண்டு. (ஒரு துகளின் தற்சுழற்சி அது பறக்கும் திசையோடு எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து அதை இடது கைத் துகள், வலது கைத் துகள் என்பார்கள்.) சரி, எந்த வடிவம்? ஹீலியம்-6 சிதைவில் எலக்ட்ரானும் நியூட்ரினோவும் எந்தக் கோணத்தில் பிரிந்து போகின்றன என்று அளந்த புகழ்பெற்ற சோதனை, டென்சர் என்றது. ஆர்கான்-35 சோதனை வெக்டார் என்றது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் நியூட்ரினோ ஒரு சிதைவில் இடது கையாகவும் இன்னொன்றில் வலது கையாகவும் வர வேண்டியிருக்கிறது. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான மியூயான் என்ற துகளின் சிதைவோ வேறு ஒன்றைச் சொன்னது. எல்லாச் சிதைவுக்கும் ஒரே விதி இருக்கும் என்ற நம்பிக்கையையே பலர் கைவிடத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது சுதர்சனுக்கு வயது 25. முனைவர் பட்டம் இன்னும் வரவில்லை. கிடைத்த சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்து உட்கார்ந்து பார்த்தார். எல்லா மென்விசைச் சிதைவுக்கும் ஒரே வடிவம்தான் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்று கண்டார்: வெக்டாரும் அச்சு வெக்டாரும் சம அளவில், எதிர்க்குறியோடு. ஆங்கில எழுத்துகளை வைத்து இதை "வி மைனஸ் ஏ" என்பார்கள். இதன் பொருள், மென்விசை இடது கைத் துகள்களை மட்டுமே தொடுகிறது. வலது கைத் துகள்களை அது கண்டுகொள்வதே இல்லை. இவ்வளவு எளிமையான விதி!

ஆனால் இந்த விதிக்கு எதிராக நான்கு சோதனைகள் நின்றன. சாதாரணமாக ஒரு மாணவர் என்ன செய்வார்? ஒரு சோதனை எதிராக இருந்தாலே கோட்பாட்டைக் கீழே போட்டுவிடுவார். சுதர்சனும் மார்ஷாக்கும் தங்கள் கட்டுரையில் அந்த நான்கையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள். ஹீலியம்-6 கோண அளவீடு. மியூயான் சிதைவில் வரும் எலக்ட்ரானின் சுழற்சித் திசை. பையான் என்ற குறுகிய ஆயுள் துகள் நேரடியாக எலக்ட்ரானாகச் சிதையும் வீதம். துருவப்படுத்திய நியூட்ரானின் சிதைவில் காணும் சமச்சீரின்மை. இந்த நான்கையும் மறுபடி செய்து பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றே ஒன்று நிலைத்தாலும் எங்கள் கோட்பாட்டைக் கைவிட வேண்டியதுதான் என்று எழுதினார்கள். தப்பித்துக்கொள்ள ஒரு சந்துகூட வைக்கவில்லை. இந்தத் துணிச்சல்தான் என்னைப் பொறுத்தவரை சுதர்சன் வாழ்க்கையின் உச்சம்.

நான்கும் மறுபடி செய்யப்பட்டன. நான்குமே கோட்பாட்டின் பக்கம் வந்து சேர்ந்தன.

பையான் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் கோட்பாட்டின் அழகு அதில்தான் நன்றாகத் தெரிகிறது. பையானுக்குத் தற்சுழற்சி கிடையாது. அது சிதையும்போது ஒரு மின்னூட்டத் துகளும் ஒரு நியூட்ரினோவும் எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன. மொத்தச் சுழற்சி பூஜ்யமாகவே இருக்க வேண்டும் என்பதால், இரண்டும் ஒரே கைப்பக்கம் கொண்டவையாக வர வேண்டும். நியூட்ரினோவின் கைப்பக்கத்தை மென்விசை நிர்ணயித்துவிடுகிறது. அதனால் கூட வரும் மின்னூட்டத் துகள் தனக்குப் பிடிக்காத கைப்பக்கத்தில் வந்தே தீர வேண்டும். மியூயான் கனமானது, மெதுவாக நகர்வது. அதனால் அப்படி வர முடிகிறது. எலக்ட்ரான் இலேசானது, ஏறக்குறைய ஒளி வேகத்தில் பறப்பது. அதற்கு அது மிகமிக அரிது. ஆகவே பையான் பெரும்பாலும் மியூயானாகத்தான் சிதைய வேண்டும். ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு முறை எலக்ட்ரானாகச் சிதைய வேண்டும். கோட்பாடு சொன்ன கணக்கு இது. ஆனால் அதுவரை நடந்த சோதனைகளில் பத்தாயிரத்தில் ஒரு தடவைகூட அது நடப்பதாகத் தெரியவில்லை. 1958இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், அப்போதுதான் இயங்கத் தொடங்கியிருந்த முடுக்கியை வைத்துத் தேடினார்கள். அந்த அரிய சிதைவு கிடைத்தது. புது ஆய்வகமான செர்னுக்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுத்த முதல் முடிவுகளில் அது ஒன்று. அதற்கு முன்பே, 1957 கடைசியில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மாரிஸ் கோல்ட்ஹாபர் குழு நியூட்ரினோ இடது கைத் துகள்தான் என்று நேரடியாகவே அளந்துவிட்டிருந்தது.

இவ்வளவு பெரிய காரியம் செய்தவர் பெயர் ஏன் பின்னால் போனது? இங்கேதான் நிஜமான வருத்தக் கதை இருக்கிறது.

1957 ஏப்ரலில் ஏழாவது ராச்செஸ்டர் மாநாடு நடந்தது. சுதர்சன் கையில் முடிவு தயார். மாநாடு அவருடைய பல்கலைக்கழகத்திலேயே, அவருடைய ஆசிரியரே நடத்துவது. ஆனால் மாணவர்களுக்குப் பேச இடம் இல்லை. மார்ஷாக் அணுக்கரு விசை பற்றி வேறொரு உரை ஆற்ற இருந்தார். அதற்கு மேல் இன்னொன்று வேண்டாம் என்று நினைத்தார். அங்கே வருகைப் பேராசிரியராக இருந்த பி.டி. மேத்யூஸ் தன் பேச்சில் இதைச் சொல்வார் என்று ஏற்பாடு. மேத்யூஸ், நம் ஈரோட்டில் பிறந்த ஆங்கிலேயர். அப்துஸ் சலாமுக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஆனால் மேத்யூஸ் அதைச் சொல்லவில்லை. அந்த அறையில் குழப்பம் குழப்பமாகவே முடிந்தது. விடை தெரிந்த ஒரு மாணவர் அதே வளாகத்தில் இருந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஜூலையில் மார்ஷாக் தன் மாணவர்களோடு கலிபோர்னியாவில் ஒரு ஆலோசனை வேலையாக இருந்தார். கெல்-மானையும், கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) சோதனை செய்துகொண்டிருந்த ஃபெலிக்ஸ் போமையும் மதிய உணவுக்கு அழைத்து, சுதர்சனை எல்லாவற்றையும் விளக்கச் சொன்னார். சுதர்சன் விளக்கினார். தன்னுடைய புதிய முடிவுகள் இதோடு பொருந்துகின்றன என்று போம் சொன்னார். ஃபைன்மேன் அப்போது பிரேசிலில் இருந்தார். திரும்பி வந்ததும், வெக்டாரும் அச்சு வெக்டாரும் பொருந்தக்கூடும் என்ற பேச்சைக் கால்டெக் நண்பர்களிடம் கேட்டு, தன் சொந்த வழியில் இதே விதியை அடைந்தார். கெல்-மானும் இதே திசையில் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையை 1957 செப்டம்பரில் அமெரிக்காவின் முதன்மை இயற்பியல் ஆய்விதழான ஃபிசிகல் ரிவ்யூவுக்கு அனுப்பினார்கள். 1958 ஜனவரி முதல் தேதி இதழில் அது வந்தது. கட்டுரையின் கடைசியில் சுதர்சனுக்கும் மார்ஷாக்குக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

மார்ஷாக் என்ன செய்தார்? அதே செப்டம்பரில் இத்தாலியின் பதுவாவிலும் வெனிஸிலும் நடந்த மாநாட்டில் கட்டுரையைப் படித்தார். அது மாநாட்டுத் தொகுப்பில் வரும், அது போதும் என்று இருந்துவிட்டார். மாநாட்டுத் தொகுப்பு பிறகுதான் அச்சாகி வந்தது, சில நூலகங்களுக்கு மட்டும் போனது. இவர்களின் சின்னக் கட்டுரை ஒன்று ஃபிசிகல் ரிவ்யூவில் வருவதற்குள் 1958 மார்ச் ஆகிவிட்டது. படிக்கிறவன் கண்ணில் முதலில் படுவது ஜனவரி இதழ்தான். அதில் இருப்பதோ உலகத்துக்கே தெரிந்த இரண்டு பெயர்கள். அப்புறம் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். மார்ஷாக் பின்னாளில் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார்.

ஆகவே என் கருத்து இது. இதில் திருட்டு இல்லை. ஒரு ஆசிரியரின் தவறான கணிப்பு இருந்தது, மாணவனுக்குப் பேச வாய்ப்புத் தராத வழக்கம் இருந்தது, பெரிய பெயர்களின் பக்கமே சாயும் கல்வி உலகப் பழக்கமும் இருந்தது. சுதர்சன் இந்தியர் என்பதும் இதில் ஒரு பங்கு வகித்ததா? அந்தக் காலத்து அமெரிக்காவில் எந்த வேறுபாடும் இல்லாமல் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதையை நிறத்தில் மட்டும் ஏற்றிவிட்டால், ஆய்வுலகில் இன்றும் ஒவ்வொரு மாணவரும் சந்திக்கிற அந்த மற்றக் காரணங்கள் மறைந்துபோகின்றன. ஃபைன்மேன் பிறகு நேர்மையாகவே நடந்துகொண்டார். இந்தக் கோட்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷாக்கும், ஊரறியச் செய்தவர்கள்தான் நானும் கெல்-மானும் என்று 1963இல் வெளிப்படையாகச் சொன்னார்.

1979இல் கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவருக்கும் மென்விசையையும் மின்காந்த விசையையும் இணைத்ததற்கு நோபல் கிடைத்தது. இந்த இணைப்புக்கு வி மைனஸ் ஏ அடித்தளம். மென்விசை வெக்டார் வகை என்று தெரிந்த பிறகுதான் அதை மின்காந்த விசையோடு ஒரே குடும்பத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. மின்காந்த விசையும் வெக்டார் வகை. ஸ்கேலாரும் டென்சரும் என்றே இருந்திருந்தால் இணைப்பு என்ற பேச்சே எழுந்திருக்காது. வைன்பெர்க்கே பின்னாளில், எல்லாவற்றுக்கும் திறவுகோல் வி மைனஸ் ஏதான் என்று தலைப்பு வைத்துக் கட்டுரை எழுதினார். ஒரு கட்டடத்துக்குப் பரிசு கொடுப்பதானால், முதல் தளம் கட்டியவனை விட்டுவிட்டு இரண்டாம் தளம் கட்டியவர்களுக்குக் கொடுப்பது எப்படிச் சரி என்று சுதர்சன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது 2005ஆம் ஆண்டு நோபல். இந்த விவகாரம் நுட்பமானது, இதில் நான் முழுக்க ஒரு பக்கம் சாய மாட்டேன்.

1956இல் ஹான்பரி பிரவுனும் ட்விஸும் ஒரு புதுமையான முறையில் சிரியஸ் விண்மீனின் விட்டத்தை அளந்தார்கள். இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அது. ஒளித் துகள்களான ஃபோட்டான்கள் கூட்டமாக வந்து விழுகின்றன என்பது அதில் தெரிந்தது. இதை விளக்கப் பழைய அலைக் கோட்பாடு போதுமா, குவாண்டம் கோட்பாடு வேண்டுமா என்று பெரிய விவாதம். லேசர் வேறு வந்துவிட்டது. ராச்செஸ்டரில் எமில் வூல்ஃப் பழைய அலைக் கோட்பாட்டில் தலைசிறந்தவர். சுதர்சன் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1963 பிப்ரவரியில் ஹார்வர்டின் ராய் கிளாபர், குவாண்டம் கோட்பாடு இல்லாமல் நடக்காது என்று எழுதினார். ஏப்ரலில் சுதர்சன் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் எந்தக் குவாண்டம் நிலையையும், லேசர் ஒளியைப் போன்ற ஒத்திசைவு நிலைகளின் கலவையாக எழுதிவிடலாம் என்று அதில் காட்டினார். அப்படி எழுதினால் குவாண்டம் கணக்கு பார்வைக்குப் பழைய அலைக் கணக்கு போலவே ஆகிவிடும். ஒரே ஒரு வித்தியாசம்: கலவையின் எடைகள் எதிர்க்குறியிலும் வரலாம். எடைகள் எல்லாம் நேர்க்குறியாக இருந்தால் அந்த ஒளியைப் பழைய கோட்பாடே விளக்கிவிடும். அப்படி இல்லாவிட்டால் அது உண்மையான குவாண்டம் ஒளி. அந்த எல்லைக்கோட்டை வரைந்தவர் சுதர்சன். 1977இல் ஃபோட்டான்கள் கூட்டம் சேராமல் தனித்தனியாக வரும் ஒளியைச் சோதனையில் கண்டபோது, அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது நேரடியாகத் தெரிந்தது.

கிளாபர் அதே ஆண்டு பிற்பகுதியில் விரிவான கட்டுரைகளில் இந்த வடிவத்துக்குத் தன் பெயரிடலைக் கொடுத்தார். இன்று பாடநூல்கள் இதை கிளாபர்–சுதர்சன் வடிவம் என்கின்றன. 2005 நோபலில் பாதி கிளாபருக்கு. மீதிப் பாதி வேறொரு துறையில், லேசர் அளவீட்டில் வேலை செய்த ஹாலுக்கும் ஹென்ஷுக்கும். ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. சுதர்சன் நோபல் குழுவுக்குக் கடிதம் எழுதினார். பல இயற்பியலாளர்களும் எழுதினார்கள். எதுவும் மாறவில்லை.

கிளாபர் தகுதியில்லாதவர் என்று சொல்வது தவறு. ஒளியின் ஒத்திசைவைக் குவாண்டம் மொழியில் முழுமையாகக் கட்டியவர் அவர், முதல் அடி அவருடையது. ஆனால் எந்த நிலைக்கும் பொருந்தும் அந்தப் பொதுத் தேற்றம் சுதர்சனுடையது, தேதியும் தெளிவாக அச்சில் இருக்கிறது. குவாண்டம் ஒளியியலுக்கு மட்டும் ஒரு பரிசு என்று வைத்து இருவருக்கும் கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1957 விஷயத்தைவிட இதில் அவர் மனம் அதிகம் புண்பட்டது என்று அவருடைய பேட்டிகளைப் படித்தால் தெரிகிறது. தன் வேலைக்குத்தான் பரிசு கொடுத்தார்கள், வாங்கியவன் மட்டும் நான் இல்லை என்ற பொருளில் பேசினார்.

நோபல் கதை இத்தனை இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மறைந்துபோகிற இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். எனக்கு இவைதான் இன்றைய மாணவருக்கு அதிகம் உதவுபவை.

ஒன்று, 1977இல் பைத்யநாத் மிஸ்ராவோடு எழுதியது. நிலையற்ற ஒரு குவாண்டம் அமைப்பைத் தொடர்ந்து கண்காணித்துக்கொண்டே இருந்தால் அது சிதையவே சிதையாது என்பது அதன் முடிவு. நம்ப முடியாததாகத் தோன்றும், ஆனால் கணக்கு எளிது. குவாண்டம் விதிப்படி, தொடக்கத்தில் ஒரு அமைப்பு மாறிவிடும் வாய்ப்பு நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு விநாடியைப் பத்துக் கூறாக வெட்டி ஒவ்வொரு கூறின் முடிவிலும் பார்த்தால், ஒவ்வொரு கூறிலும் மாறும் வாய்ப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. பத்துக் கூறையும் கூட்டினால் மொத்த வாய்ப்பு பழையதில் பத்தில் ஒரு பங்குதான். நூறு கூறாக வெட்டினால் நூறில் ஒரு பங்கு. வெட்டிக்கொண்டே போனால் பூஜ்யம். பறக்கும் அம்பு ஒவ்வொரு கணமும் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று கேட்ட கிரேக்கத் தத்துவ ஞானி ஸீனோவின் பெயரை இதற்கு அவர்களே வைத்தார்கள். 1990இல் அமெரிக்காவில் வைன்லேண்ட் குழு, பொறியில் பிடித்துவைத்த ஏறத்தாழ ஐயாயிரம் பெரிலியம் அயனிகளை லேசர் துடிப்புகளால் திரும்பத் திரும்பப் "பார்த்து", அவை நிலை மாறுவதைத் தடுத்துக் காட்டியது. இன்று குவாண்டம் கணினிகளில் பிழையைக் கட்டுப்படுத்த இதே யோசனையைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு, திறந்த குவாண்டம் அமைப்புகள். பாடநூலில் வரும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு தனியாக ஒதுங்கி நிற்கும் அமைப்புக்கானது. உண்மையில் எந்த அணுவும் தனியாக இல்லை. சூழலோடு உரசிக்கொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பு எப்படி மாறும் என்பதற்குப் பொதுவான கணித வடிவத்தை 1961இலேயே பி.எம். மேத்யூஸ், ஜயசீதா ராவ் ஆகியோரோடு எழுதினார். (இந்த மேத்யூஸ் வேறு; பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையில் பேராசிரியராக இருந்தவர்.) 1976இல் கோரினி, கோசகோவ்ஸ்கி ஆகியோரோடு சேர்ந்து அதன் சமன்பாட்டைக் கொடுத்தார். அதே ஆண்டு சுவீடனின் லிண்ட்பிளாட் தனியாக அதையே கண்டார். இன்று உலகில் குவாண்டம் கணினியின் இரைச்சலைக் கணக்கிடும் யாரும் இந்தச் சமன்பாடு இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பலர் அதை லிண்ட்பிளாட் சமன்பாடு என்று மட்டும் சொல்லிப் போகிறார்கள். நான்கு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இப்போது பரவி வருவதில் எனக்கு மகிழ்ச்சி.

ஒளியைவிட வேகமான துகள் பற்றியும் 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோரோடு எழுதினார். அப்படி ஒரு துகள் இருப்பதைச் சார்பியல் நேரடியாகத் தடுக்கவில்லை என்பது வாதம். டேக்கியான் என்ற பெயர் பின்னால் ஃபைன்பெர்க் வைத்தது. அப்படி ஒரு துகள் இதுவரை கிடைக்கவில்லை. யூடியூபில் சுதர்சன் என்றால் டேக்கியான் என்று காட்டுகிறார்கள். மேலே சொன்ன வேலைகளோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயம்.

பணி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958இல் முனைவர் பட்டம், ஹார்வர்டில் ஷ்விங்கரோடு கொஞ்ச காலம், மறுபடி ராச்செஸ்டர், பிறகு சிரக்கூஸ். 1969இலிருந்து கடைசிவரை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம். ஆனால் இந்தியாவை விட்டுவிடவில்லை. 1970களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கோட்பாட்டு ஆய்வு மையத்தை உருவாக்கினார். 1984இல் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய நிறுவனம் அது. தொடக்க விழாவில் கலந்துகொண்டவர் விண்ணியற்பியலாளர் சந்திரசேகர். ஆஸ்டினுக்கும் சென்னைக்கும் இடையே பறந்துகொண்டே அந்தப் பொறுப்பைப் பார்த்தார். அந்த ஆண்டுகளில் நிறுவனம் நன்றாக வளர்ந்தது. பெங்களூரின் என். முகுந்தா இவருடைய மாணவர். முகுந்தாவும் தரமணியின் ஆர். சைமனும் சுதர்சனோடு சேர்ந்து ஒளியியலில் எழுதிய கட்டுரைகள் இந்தியாவில் அந்தத் துறைக்கு வேர் பிடிக்க வைத்தன. நோபல் பட்டியலில் பெயர் இல்லாதது ஒரு இழப்பு என்றால், நம் ஊரில் ஒரு ஆய்வுப் பரம்பரை உண்டானது பெரிய வரவு. அதை யாரும் பேசுவதில்லை.

வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு உரையாடியிருக்கிறார். ஆனால் உபநிடதத்தில் குவாண்டம் இருக்கிறது என்று சொல்பவர்கள் அவரைத் துணைக்கு அழைக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் கணிதத்தால் மட்டுமே நிற்கின்றன.

இந்திய அரசு 1976இல் பத்மபூஷண், 2007இல் பத்மவிபூஷண் கொடுத்தது. 2010இல் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் உள்ள கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் டிராக் பதக்கம் வந்தது. உடன் பகிர்ந்தவர் இத்தாலியின் நிக்கோலா கபீபோ. வி மைனஸ் ஏவை எடுத்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் அவர். 2008 நோபலில் அவரும் விடுபட்டிருந்தார். ஒரே கோட்டில் வேலை செய்து விடுபட்ட இருவரை, டிராக்கின் பெயரில் ஒன்றாக வைத்துக் கௌரவித்தார்கள். பம்பாயில் டிராக்குக்குக் குறிப்பெடுத்த இளைஞருக்கு இது பொருத்தமான பதக்கம். 2018 மே மாதம் டெக்சாஸில் காலமானார். வயது 86.

அவரை நேரடியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: குவாண்டம் இயக்கவியல் முதல் பாடம் முடித்திருந்தால் 1963 கட்டுரையில் தொடங்குங்கள். மிகச் சிறியது, ஒத்திசைவு நிலை என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் போதும், பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதன்பின் 1958 மார்ச் கட்டுரை. 1977 கட்டுரையில் மேலே சொன்ன வர்க்கக் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனால் நல்லது, ஏனென்றால் அதன் நிறுவல் பகுதியில் கணிதம் கொஞ்சம் கடினம். 1976 சமன்பாட்டை மட்டும் மூலக் கட்டுரையில் தொடங்காமல், இன்றைய குவாண்டம் தகவலியல் பாடநூல் ஒன்றில் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.